சீவிய உருத்து

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணிக்கு மருமகன் இஹ்ஸான் கையில் தேநீர்க் கோப்பையோடு கடைக்குள் வந்தபோது அபூசாலி கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நற்பிட்டிமுனையில் மரணம் நடந்த ஒரு மையத்து வீட்டுக்கு வாடகைக்குப் போய், முந்திய நாள் பின்னேரம் திரும்பியவை. போனது எண்பது. வந்தது எழுபத்தெட்டு. வந்ததில் ஒன்றுக்கு முதுகு உடைந்திருந்தது. காணாமற்போன இரண்டும் எங்கேயும் போகாது, அடுத்த வீட்டு வாசலில் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கதிரையின் அடியிலும் சிவப்புச் சாயத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்து இருந்தது. நாற்பது வருடமாக ஊரில் அந்த எழுத்தைத் தெரியாத பின்புறம் இல்லை என்று சிலர் பகிடி சொல்வார்கள்.

மருமகன் கோப்பையை மேசையில் வைத்தார். கல்யாணம் முடிந்து பதினான்கு வருடத்தில் அவர் தன் கையால் மாமனாருக்குத் தேநீர் கொண்டுவந்தது அதுவே முதல் தடவை. ஏதோ வரப்போகிறது என்று அபூசாலிக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"மாமா, ஒரு விசயம் கதைக்கணும்."

"கதைங்க மகன்."

"நோம்புப் பெருநாள் முடிஞ்ச கையோட… இந்தக் கடத்துண்டு எங்களுக்குத் தேவப்படுது."

அபூசாலி எழுபத்தொன்பதாவது கதிரை இருக்க வேண்டிய வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்களுக்கு எண்டா?"

"எங்களுக்குத்தான் மாமா. நுஸ்ஹாவுக்கும் எனக்கும்."

மூத்த மகள் நுஸ்ஹாவின் புருஷன் இஹ்ஸான் கெட்டவர் அல்ல. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். மெதுவாகப் பேசுவார், மாமனார் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நடப்பார். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், வெறுங்கையோடு வீட்டுக்குள் போய்விட்டார். தேநீர் ஆறி ஆடை படிந்தது. அபூசாலி அதைத் தொடவில்லை.

கடை என்பது வீதியோரத்தில் பதினெட்டு அடி அகலமும் முப்பது அடி நீளமும் கொண்ட ஒரு கட்டடம். பின்னால் அவர் கட்டிய வீடு. அதே வளவு, அதே மதில், பதினான்கு பேர்ச் காணி. கடையில் இருந்தவை நானூற்றுப் பன்னிரண்டு கதிரை, ஏழு தகரப் பந்தல், ஒன்பது சோறாக்கும் கிடாரம், நாற்பத்தாறு சஹன். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய தட்டு. ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை சஹன் போனது, யார் வீட்டு மையத்துக்குக் கதிரை போதாமல் இரண்டாம் தடவை ஆள் அனுப்பினார்கள், யார் வீட்டில் அனுப்பிய ஐம்பதில் பதினைந்துகூட நிறையவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனிதருடைய மதிப்பு அவருடைய மையத்து வீட்டுக் கதிரையில் தெரியும் என்பது அபூசாலியின் கணக்கு. உயிரோடு இருக்கும்போது எல்லோரும் பெரிய மனிதர்தான்.

இப்போது கல்யாணமெல்லாம் குளிரூட்டிய மண்டபங்களுக்குப் போய்விட்டது. மண்டபத்தில் கதிரை இருக்கிறது, கதிரைக்கு உடுப்பும் இருக்கிறது. அபூசாலியின் கடைக்கு மிஞ்சியது மரணமும் கந்தூரிச் சாப்பாடும். அதற்காக அவர் வருந்தியதில்லை. வியாபாரம் குறைந்தாலும் கடை இருந்தது. கடை இருந்ததால் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருந்தது.

அந்த இடம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்தே கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் அந்த வீட்டைவிட்டு இறங்கி, குசினிப் பக்கம் ஒரு கொட்டில் போட்டு இருந்துகொண்டு அடுத்த மகளுக்கு அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். அபூசாலிக்கும் ஹாஜறாவுக்கும் இரண்டு பெண்மக்கள். மூத்தவள் நுஸ்ஹாவுக்குக் கடையும் சேர்ந்த இந்த முன்வீதி வீடு, 2009இல். இளையவள் றுஸ்னாவுக்கு உள்ளொழுங்கையில் ஆறு பேர்ச்சில் ஒரு வீடு, 2017இல். கடைசி மகளோடு தாய் தகப்பன் இருப்பது முறை. ஆகவே இரண்டு பேரும் றுஸ்னா வீட்டின் பின்னறையில் இருந்தார்கள். அறைக்கு ஒரு ஜன்னல். கழிவறைக்குப் போக றுஸ்னாவின் புருஷன் ஸாஜித் இருந்து தொலைக்காட்சி பார்க்கும் கூடத்தைக் கடக்க வேண்டும். அபூசாலி கடக்கும்போதெல்லாம் ஸாஜித் மரியாதையாகக் காலை மடக்கிக்கொள்வார். அந்த மரியாதைதான் அபூசாலிக்குத் தாங்காது. அறுபத்தெட்டு வயதில், இரண்டு வீடு கட்டின மனிதர், சிறுநீர் கழிக்கப் போவதை ஒருவர் எழுந்து நின்று கௌரவிப்பது போல இருக்கும்.

கடையில் அப்படி இல்லை. கடையில் அவருக்காக யாரும் காலை மடக்குவதில்லை.

அன்று மத்தியானம் ஹாஜறாவிடம் சொன்னார். ஹாஜறா மீன் கழுவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"மருமகன்ட வேலதான். மச்சான்மார் ஆராவது மருந்துக்கட போடக் கேட்டிருப்பானுகள். நம்மட புள்ளைக்கு என்ன தெரியும்?"

"நுஸ்ஹாட்டக் கேக்கவா?"

"கேட்டு அவவ புருசனுக்கும் வாப்பாவுக்கும் நடுவில நிப்பாட்டுறீங்களா? பேசாம இரிங்க. பள்ளிவாசல்ல சொல்லுங்க. நீங்க எத்தின பேருட வழக்கத் தீத்த ஆள்."

மகளிடம் கேட்கவில்லை. மகள் பக்கத்தில் இருக்கிறாள், தங்கள் பக்கத்தில்தான் இருப்பாள் என்று இருவரும் முடிவுசெய்துகொண்டார்கள். மருமகனோடு மட்டும் அபூசாலி பேச்சைக் குறைத்தார். இஹ்ஸான் சைக்கிளிலிருந்து இறங்கினால் அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார்.

இரவில் படுத்தால் நுஸ்ஹாவுக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. 2009 ஒக்டோபர் 21, புதன்கிழமை. நொத்தாரிசு அழகரெத்தினத்தின் கந்தோரில் மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர், அபூசாலி, அவருடைய மச்சான் ஒருவர். அழகரெத்தினம் பாண்டிருப்பு மனிதர், பேனையை மூடாமலே மேசையில் வைக்கும் பழக்கமுள்ளவர். எல்லையெல்லாம் வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அபூசாலி, கடத்துண்ட வேறாக்குவமா? இல்லாட்டி உங்கட சீவிய உருத்த வெச்செழுதுவம். நீங்க இரிக்கும் வரைக்கும் ஒருத்தரும் உங்கள எழுப்ப ஏலாது. ஒரு வரிதான் கூட."

மாப்பிள்ளையின் பெரியவாப்பா கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் ஊர் முழுவதும் இருந்தது. அபூசாலி அப்போதுதான் தன் குடியான தாய்வழி வம்சத்தாரின் சார்பில் பள்ளி நம்பிக்கையாளர் சபைக்கு மரைக்காராகத் தெரிவாகியிருந்தார். ஊருக்கு நியாயம் சொல்லப்போகும் மனிதர்.

"என்ட மகள்ட்ட நான் உருத்துக் கேட்டு எழுதுறதா ஐயா? அப்பிடியே எழுதுங்க. பதினாலு பேர்ச்சும்."

அழகரெத்தினம் எழுதினார். மாப்பிள்ளை வீட்டார் முகம் மலர்ந்தது. வெளியே வந்து எல்லோரும் ஒரே கடையில் சர்பத் குடித்தார்கள். அந்த ஒரு வரி எழுத அரை நிமிடம் போயிருக்காது. சர்பத் குடிக்கக் கால் மணித்தியாலம் போனது.

பெப்ரவரி 23, வெள்ளிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி மேல்மாடியில் கூட்டம். அபூசாலி மரைக்கார் பதவியை 2018இல் விட்டிருந்தார். ஆகவே இந்த முறை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தார். ஒரு பக்க மனு, தன் கையெழுத்தில். தலைவர் வாசித்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தார். பக்கத்திலிருந்த றவூப், பகிடி சொல்லாமல் எந்த வழக்கையும் தொடங்காத மனிதர், தன் கதிரையைத் தட்டினார்.

"காக்கா, உங்கட கதிரயில இரிந்துக்கிட்டு உங்கட கேஸ விசாரிக்கிறம். பக்கச்சார்பு எண்டு மருமகன் சொல்லப்போறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அபூசாலியும் சிரித்தார். செயலாளர் மர்சூக் மட்டும் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற அதிபர். அவர் முன்னால் பழைய கூட்ட அறிக்கைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பக்கத்தில் பீடிக்கட்டுக் கடதாசி ஒன்றை அடையாளம் வைத்திருந்தார்.

"காக்கா, இந்த மனுவ நாங்க எடுக்கத்தான் வேணுமா? நீங்க திருப்பி எடுத்தா நான் இத வாசிக்கத் தேவல்ல."

"வாசிங்க. என்னத்தப் பயம்?"

மர்சூக் வாசித்தார். 2013 ஜூன் 14. மீராசாஹிபு என்பவர் மகள் ஜெஸீமாவின் வீட்டு முகப்பில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தேநீர்க் கடை வைத்திருந்தார். கட்டாரிலிருந்து வந்த மருமகன் அந்த இடத்தில் போன் கடை போட விரும்பினார். மீராசாஹிபு பள்ளியில் முறையிட்டார். தீர்மானம்: உறுதி யார் பெயரில் உண்டோ, அந்தத் தரப்பின் விருப்பமே விருப்பம். பெண்ணின் சார்பில் கணவர் கதைக்கலாம். கடையை ஒரு மாதத்துக்குள் விட வேண்டும். முன்மொழிந்தவர் அபூசாலி மரைக்கார்.

வாசித்து முடிந்ததும் மர்சூக் புத்தகத்தை மூடாமல் அபூசாலியின் பக்கம் திருப்பி வைத்தார்.

அபூசாலி மறந்திருக்கவில்லை. எதையும் மறக்கிற மனிதர் அல்ல அவர். ஆனால் அதைத் தன்னோடு சேர்த்து நினைத்ததில்லை. மீராசாஹிபு ஒரு மாதத்தில் அல்ல, எட்டே நாளில் கடையை விட்டார். பாலமுனையில் தம்பி வீட்டுக்குப் போனார். 2016இல் அங்கேயே மௌத்தானார். அந்த மையத்துக்கு அபூசாலி அறுபது கதிரையைச் சின்னப் பட்டா லொறியில் ஏற்றி, வாடகை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அதோடு அந்த விஷயம் ஒழுங்காக முடிந்தது என்று வைத்திருந்தார்.

"சரி," என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அந்த விதிப்படியே செய்ங்க. ஆனா அந்தத் தீர்ப்பில ஒரு புழ இரிக்கி. மருமகன்ட வாயால கேக்கிறது சரியில்ல. உறுதிக்காரி ஆரு? என்ட மகள். அவட வாயால கேளுங்க. அவ சொன்னா நான் நாளைக்கே இறங்குறன்."

"சொன்ன சொல்லு மாறப்படாது காக்கா," என்றார் றவூப். இந்த முறை பகிடி இல்லை.

"மாறமாட்டன். வாங்க இப்பவே."

அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. மாடிப்படியில் மர்சூக்குக்கும் றவூபுக்கும் முன்னால் இறங்கினார். வழியில் ஒருவர் எங்கே என்று கேட்டதற்கு, மகள் வீட்டுக்கு என்று சத்தமாகச் சொன்னார்.

நுஸ்ஹா கதவைத் திறந்தாள். வாப்பாவையும் அவருக்குப் பின்னால் இரண்டு பள்ளிக்காரரையும் கண்டு முக்காட்டைச் சரிசெய்தாள். கூடத்துக்குள் தையல் மெஷின் சத்தம் நின்றது. இரண்டு பெண்கள் எழுந்து குசினிப் பக்கம் போனார்கள். தரை முழுவதும் கறுப்புத் துணி. அபாயாக்கள் சுவரில் ஆணியிலும், ஜன்னல் கம்பியிலும், பிள்ளைகளின் கட்டில் தலைப்பிலும் தொங்கின. அபூசாலி சீமெந்தில் சிவப்புச் சாயம் போட்டு மினுக்கிய தரை எங்கேயும் தெரியவில்லை. உட்கார வைக்க நுஸ்ஹா மூன்று கதிரைகளிலிருந்து துணிக்கட்டுகளை எடுத்தாள்.

மர்சூக் தொண்டையைச் செருமினார்.

"மகள், கடத்துண்டு விசயமா உங்கட விருப்பம் என்ன எண்டு கேட்டுப் போக வந்தம். உங்கட விருப்பம். வேற ஒருத்தர்டயும் இல்ல."

"வாப்பாவா கேக்கச் சொன்ன?"

"ஓம். நான்தான்," என்றார் அபூசாலி. "பயப்படாமச் சொல்லுங்க மகள். மருமகன் ஒண்டும் சொல்லமாட்டாரு. பள்ளி இரிக்கி."

நுஸ்ஹா தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். கறுப்பு நூல் ஓடி ஓடித் தோல் வெடித்த விரல்கள்.

"எனக்குத்தான் கட வேணும் வாப்பா. அவருக்கில்ல. அவரு ஆறு மாசமா வேணாம், மாமாட்ட எப்பிடிச் சொல்ற எண்டு சொல்லிக்கிட்டிரிந்தாரு. நான்தான் அனுப்பின. தேத்தண்ணியும் நான்தான் ஊத்திக் குடுத்தன்."

றவூப் தலைகுனிந்துகொண்டார்.

"என்னத்துக்கு மகள்?"

"தைக்க."

"இஞ்ச தைக்கிறதானே?"

"இஞ்ச எத்தின மெசின் இரிக்கி எண்டு சொல்லுங்க பாப்பம்."

அபூசாலி திரும்பிப் பார்க்கப் போனார். "பாக்காமச் சொல்லுங்க," என்றாள் அவள்.

"ரெண்டு."

"மூணு. மூணாவது வந்து ரெண்டு வருசம். மத்த ரெண்டு புள்ளகளும் இஞ்ச வந்து வேல செய்யத் தொடங்கியும் ரெண்டு வருசம். நீங்க ஒவ்வொரு நாளும் அந்த வாசலால போறீங்க வாப்பா. முதுகு உடஞ்ச கதிர எத்தின எண்டு கேட்டா நீங்க நித்திரயிலயும் சொல்லுவீங்க."

அபூசாலி, எல்லோரும் கடைசியில் எடுக்கிற ஆயுதத்தை எடுத்தார்.

"ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சயா? வாப்பாவ ரோட்டுல இறக்கின மகள் எண்டு சொல்லாதா?"

"சொல்லும். ஜெஸீமாவயும் சொன்னிச்சு." அவள் குரல் உயரவில்லை. "அவ என்னோட ஓ.எல். சோதன வரைக்கும் படிச்சவ. அவ அவட வாப்பாவப் போகச் சொல்லல்ல. 'என்ட வாப்பா மௌத்தாகும் வரைக்கும் இஞ்சயே தேத்தண்ணி ஊத்தட்டும்' எண்டு பள்ளிக்கு ஆள் அனுப்பினா. மறுகா அவவே பள்ளி வாசல் வரைக்கும் வந்தா. பொம்புள மேல வரப்படாது எண்டு திருப்பி அனுப்பினாங்க. இப்ப என்ட வாசலுக்கு மூணு பேர் வந்து என்ட விருப்பத்தக் கேக்கிறீங்க. கேட்டதுக்கு நான் பொய் சொல்லப்படாதே."

மர்சூக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நுஸ்ஹா கையால் நிறுத்தினாள்.

"உங்கள வரவேணாம் எண்டு நான் சொல்லல்ல வாப்பா. ஒவ்வொரு நாளும் வாங்க. மூலையில உங்களுக்கு ஒரு மேச போட்டுத் தாறன். இரிங்க, பேப்பர் பாருங்க."

ஒரு மேசை. அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அது தெரிந்ததால்தான் அவருக்கு அவ்வளவு எரிந்தது. மருமகன் செய்த வேலையாக இருந்திருந்தால் கோபித்திருக்கலாம், சபித்திருக்கலாம், பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகாமல் இருந்து வதைத்திருக்கலாம். பன்னிரண்டு நாளாக அவர் எதிர்ப்பக்கம் பார்த்து நடந்ததெல்லாம் ஓர் அப்பாவி மனிதரை அவமதித்ததாகவே முடிந்தது. கோபத்தை வைக்க ஓர் இடம் இல்லை.

அவர் எழுந்தார். "சொன்னபடி பெருநாளோட இறங்குறன்," என்று மர்சூக்கைப் பார்த்துச் சொன்னார். மகளைப் பார்க்கவில்லை.

நோன்பு மாதம் முழுவதும் கடை ஒரு நாள் திறந்தும் ஒரு நாள் பூட்டியும் இருந்தது. பெருநாளுக்கு நுஸ்ஹா இனிப்பு வட்டிலப்பம் அனுப்பினாள். ஹாஜறா சாப்பிட்டார். அபூசாலி தனக்குச் சீனி கூட என்றார். அவருக்குச் சீனி வியாதி இல்லை.

சாமான்களை எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. றுஸ்னா வீட்டு முற்றத்தைக் காட்டி ஸாஜித்திடம் கேட்டார். ஸாஜித் காலை மடக்கிக்கொண்டு, "நாலஞ்சு நாளைக்கு எண்டா வைக்கலாம் மாமா, மோட்டச்சைக்கிள் நிப்பாட்ட இடம் வேணுமே," என்றார். வீரமுனையில் கோணாமலை என்று பழைய சிநேகிதர், நெல் அடுக்கும் கொட்டில் ஒன்று வைத்திருந்தார். வயல் வெட்டு முடிந்ததும் தருகிறேன் என்றார். வெட்டு முடிய நெல் வந்து நிறைந்துவிட்டது.

கடைசியில் ஏப்ரல் 20, சனிக்கிழமை எல்லாமே பள்ளிக்குப் போயின. கதிரை நானூற்றுப் பன்னிரண்டு. அதில் உடைந்தவை முப்பத்தொன்று. காணாமற்போன இரண்டும் நற்பிட்டிமுனையிலிருந்து வந்து சேர்ந்திருந்தன. பட்டா லொறி பதினொரு நடை போனது. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: நமது முன்னாள் மரைக்கார் அபூசாலி அவர்கள் தமது நாற்பது வருடச் சொத்தை ஏழைகளின் மையத்து வீடுகளுக்காகப் பள்ளிக்கு அறக்கொடையாக வக்ஃப் செய்துள்ளார், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. வெளியே வந்தபோது பதினேழு பேர் கை கொடுத்தார்கள். ஒருவர் கட்டிப்பிடித்தார். பெரிய மனது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சோற்றின் முன் இருந்தார்.

"ஊரே புகழுது. நீங்க ஏன் முகத்த இப்பிடி வெச்சிரிக்கீங்க?" என்றார் ஹாஜறா.

"வைக்க இடமில்லாதவன் குடுத்தா அது வக்ஃபா ஹாஜறா?"

"அல்லாஹ் எடுத்துக்குவான். நீங்க கேள்வி கேக்காமச் சோத்தத் தின்னுங்க. ஆணம் ஆறுது."

மே மாதம் முதலாம் திகதி, புதன்கிழமை, மத்தியான லுஹர் தொழுத பிறகு அவர் ஜெஸீமா வீட்டுக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. போன் கடைக்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய வழியால் உள்ளே போக வேண்டும். ஜெஸீமா வாசலில் கொச்சிக்காய் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், அவரைக் கண்டதும் கை அப்படியே நிற்கத் திடுக்கிட்டாள்.

"என்ன மாமா, ஆரும் மௌத்தாயிட்டாங்களா?"

கதிரைக்காரர் வாசலுக்கு வந்தால் ஊருக்கு வரும் முதல் நினைப்பு அதுதான்.

"இல்ல மகள். சும்மா வந்த."

அவள் கதிரை கொண்டுவந்து வைத்தாள். அவர் இருந்தார். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் இப்போது நாக்கில் இல்லை.

"உங்கட வாப்பாட விசயத்தில நான் புழ செஞ்சிட்டன்."

ஜெஸீமா சுளகைக் கீழே வைத்தாள். நிமிரவில்லை.

"பதினொரு வருசமாச்சு மாமா."

"பத்து வருசம், பத்து மாசம், பதினேழு நாள்."

"எண்ணி வெச்சிரிக்கீங்க."

"இல்ல. போன கிழமதான் எண்ணின."

அவள் அவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கோபம் இருந்தால் அவருக்கு இலகுவாக இருந்திருக்கும். களைப்புத்தான் இருந்தது.

"பாலமுனையில கடைசிக் கிழம வாப்பாவுக்கு ஆளத் தெரியல்ல. என்னயும் தெரியல்ல. கை மட்டும் இப்பிடி மேலயும் கீழயும் போய்க்கிட்டிரிந்திச்சு. தேத்தண்ணி ஆத்துறாரு. மூணு நாள் ஆத்தினாரு. சின்னவாப்பா கையப் புடிச்சா, உடு, ஆக்கள் பாத்துக்கிட்டு நிக்காங்க எண்டாரு."

தகரத்தில் காகம் ஒன்று நடந்தது. ஜெஸீமா கொச்சிக்காயைக் கையால் பரப்பினாள்.

"ஒண்டு கேக்கன் மாமா. நுஸ்ஹா உங்கட கடைய எடுக்காட்டி, நீங்க இஞ்ச வந்திருப்பீங்களா?"

பொய் சொல்லலாம். வயதான மனிதர், பள்ளிக்கு நானூறு கதிரை கொடுத்தவர், சொன்னால் நம்புவாள்.

"இல்ல மகள்," என்றார்.

"அது உண்ம." அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். "மன்னிக்கச் சொல்லி வந்தீங்க எண்டா அது எனக்கு ஏலாது மாமா. அது வாப்பாட விசயம். அவருக்காக நான் சொல்ல ஏலாது. இரிங்க, புள்ளைக்குச் சோறு குடுத்திட்டு வாறன்."

உள்ளே போனாள். பிள்ளையோடு பேசும் சத்தம் கேட்டது, பிறகு பாத்திரச் சத்தம், பிறகு அதுவும் இல்லை. அபூசாலி அரை மணித்தியாலம் இருந்தார். இன்னும் கொஞ்சம் இருந்தார். அவள் வரவில்லை. எழுந்து, ஒடுங்கிய வழியால் நடந்து, வீதிக்கு வந்தார்.

போன் கடைக்குள்ளிருந்து ஜெஸீமாவின் புருஷன் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாமா, ரீலோட் ஒண்டு போடவா?"

"வேணாம் மகன்."

அஸருக்கு இன்னும் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இருந்தது. அவர் வீதியோரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். வடக்கே போனால் ஒரு மகளின் வீடு. மேற்கே திரும்பினால் மற்ற மகளின் வீடு. வெயில் உறைத்தது. பின்னால் யாரோ வழிவிடச் சொல்லி மணியடித்தார்கள், அவர் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்ந்து நின்றார்.